எதிரே ஆள் வந்தால்

மூச்சு இருக்கிறது, காலிலும் வலி இல்லை. அப்படியிருந்தும் எதிரே ஓர் ஆள் வருவதைக் கண்டதும் என் ஓட்டம் ஏன் தானாக நடையாகி நின்றுவிடுகிறது? நெதர்லாந்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன, ஓடத் தொடங்கி ஒரு கோடைகாலம். விடை இன்னும் தெரியவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை என்று இங்குள்ள டாக்டரிடம் போனேன். மருந்து தருவார் என்று காத்திருந்தால் ஓடச் சொல்லி அனுப்பிவிட்டார். கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட என்று கைப்பேசிச் செயலி காதில் சொல்லும். வாரம் ஏற ஏற ஓட்டம் நீளும், நடை குறையும். முதல் வாரம் ஒரு நிமிட ஓட்டத்துக்கே நெஞ்சு அடைத்தது. பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக ஓடு என்றார், ஒரு நாளும் ஓடாத என் கணவர் செந்தில். அவர் சொன்னது சரிதான். வேகத்தைக் குறைத்ததும் தூரம் கூடியது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் டைக் மேல்தான் ஓடுகிறேன். டைக் என்றால் தண்ணீரைத் தடுக்கக் கட்டிய கரை. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் தாழ்ந்த புல்வெளி. கீழ்வேளூர்ப் பக்கத்துக் கடைமடையில் பிறந்தவளுக்கு இந்தத் தட்டை பூமி அந்நியமில்லை. நெல் இருக்க வேண்டிய இடத்தில் மாடு மேய்கிறது, அவ்வளவுதான்.

தினமும் நாயோடு வரும் பெரியவர் ஒருவரைக் கண்டு ஒருநாள் வழக்கம்போல் நின்றுவிட்டேன். அவர் அருகில் வந்து, “காட் ஹெட்?” என்று டச்சு மொழியில் கேட்டார். ஏன் ஓடுகிறாய் என்று கேட்கிறார் போலும் என எண்ணி, வீட்டில் எல்லோரும் நலம், கெட்ட சேதி எதுவும் இல்லை, உடற்பயிற்சிதான் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவருக்குக் குழப்பம். அப்படியானால் எதற்கு நின்றீர்கள் என்று கேட்டார். உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாராம். எங்கள் ஊரில் ஓடுகிறவளைப் பார்த்துக் கேட்பார்கள். இங்கே நின்றவளைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

எங்கள் தெரு விவசாயக் கூலிகளின் தெரு. கூலிக்காகவும் நிலத்துக்காகவும் சண்டை நடந்த வருஷங்களில் அம்மா சின்னப் பெண். வரப்பில் ஒருவர் ஓடிவந்தால் எங்கோ அடி விழுந்திருக்கிறது, இல்லையென்றால் போலீஸ் ஜீப் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருவர் ஓடினால் தெருவே ஓடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வயலுக்குள் இறங்குவார்கள். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் எங்களுக்கும் கொஞ்சம் நிலம் வந்தது, ரேஷன் அரிசி வந்தது, ஆட்சிகள் மாறி மாறி வந்தன. தெருப் பெண்கள் ஓடக் கூடாது என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போது பஸ்ஸைப் பிடிக்க ஒருமுறை ஓடினேன். கைவேலையைப் போட்டுவிட்டு நாலைந்து பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “யாருக்குடி என்ன ஆச்சு?” என்று கேட்ட பக்கத்து வீட்டு அத்தையின் இடுப்பில் குழந்தை இருந்தது, அவருடைய ஒரு கால் ஏற்கெனவே வயல் பக்கம் திரும்பியிருந்தது. அம்மா திட்டவில்லை. “நாளையிலேருந்து முன்னாடியே கெளம்பு” என்றதோடு சரி. மறுவருஷம் பள்ளியில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். அதில் எவ்வளவு வேகமாகப் போனாலும் யாரும் வெளியே வரவில்லை.

இதெல்லாம் என்னோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். போன மாதம் மகள் யாழினி தன் குட்டி சைக்கிளில் கூட வந்தாள். ஐந்து வயது. தூரத்தில் நாய்க்காரரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாய் நின்றுகொண்டாள்.

“அம்மா, ஆள் வர்றாங்க. நிக்கணும்.”

நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறாள். தெருவின் அந்தப் பயத்தை, தெருவையே சரியாகப் பார்க்காத குழந்தைக்குக் கடத்திவிட்டேன்.

“ஏறு. நிக்காத, மிதி” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பெரியவர் நெருங்க நெருங்கக் கால் கெஞ்சியது. பார்வையை யாழினியின் பின்சக்கரத்தில் வைத்துக்கொண்டேன். அவர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன், கடந்துவிட்டோம். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் கால்வாயைக் கடக்கும் மரப்பாலம் வரை முதல்முறையாக நிற்காமல் ஓடினேன்.

அம்மாவிடம் வீடியோவில் சொன்னேன். எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

“நாங்க சும்மா ஓடுனதே இல்ல. நீ ஓடு.” பிறகு, “இங்க வந்தா மட்டும் நடந்துக்க” என்றாள்.

தை மாதம் ஊருக்குப் போகிறோம். வாய்க்கால் கரையில் என்னோடு ஓடப்போவதாக யாழினி இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஓடினால் அம்மா வயதுப் பெண்களின் குலை நடுங்கும். நடந்தால் மகள் பார்ப்பாள். நிற்காதே என்று சொன்னவள் இங்கே ஏன் நிற்கிறாள் என்று கேட்பாள். டைக்கில் பழகிய காலோடு அந்தக் கரையில் எப்படி இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சொல்வதும் நியாயம்தானே என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது. ஊருக்குப் போய் ஓடிய பெண்கள் யாரேனும் இதைப் படித்தால் எழுதுங்கள். முதல் நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய், “நாளைக்குக் காலையில நானும் பிள்ளையும் ஓடுவோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல, பயந்துடாதீங்க” என்று சொல்லிவைத்தால் போதுமா?