சுவரோரப் பெட்டிகள்

முதலில் இரையை மறுத்தது கெச்சாப். கெச்சாப் என்றால் சோயாச் சாறு; அந்தக் கரும்பழுப்பு நிறத்தில் இருந்ததால் அந்தப் பெண்பாம்புக்கு அப்படிப் பெயர்.

அந்த வியாழக்கிழமை மாலை முர்வானி நீளமான இடுக்கியில் எலியைப் பிடித்துப் பெட்டிக்குள் மெல்ல ஆட்டினாள். உறைபெட்டியிலிருந்து காலையிலேயே எடுத்து உருக வைத்த எலி. பையோடு வெந்நீரில் போட்டு, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சூடாக்கியிருந்தாள். இந்த ஆப்பிரிக்க மலைப்பாம்புகளுக்குக் கண்ணைவிட உதட்டுக் குழிகள்தான் முக்கியம். சூடு பட்டால்தான் அவற்றுக்கு அது எலி. ஆறிப்போனால் ஏதோ ஒரு கட்டை.

கெச்சாப் நாக்கை இரண்டு தரம் நீட்டியது. பிறகு தலையைத் திருப்பி, உடம்புக்கு அடியில் செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டது.

முர்வானி கவலைப்படவில்லை. இப்படிச் சுருளும் பந்துப் பாம்பு பட்டினி கிடப்பது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. முட்டை வைக்கும் முன் சாப்பிடாது, தோல் உரிக்கும் முன் சாப்பிடாது, இனம்சேரும் பருவத்தில் ஆண்பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாது. எலியை இரவு முழுவதும் பெட்டியிலேயே விட்டுவைத்தாள். காலையில் அது வீங்கி நாறத் தொடங்கியிருந்தது. ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. எடுத்துப் புதைத்தாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. செமாராங் நகரின் வடக்கே, கடல்நீர் அடிக்கடி தெருவுக்குள் வந்துபோகும் பகுதியில் வீடு. கணவன் புர்னோமோவுக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் வேலை. பிள்ளைகள் இல்லை. கலிமந்தான் தீவுக்கு மாறிப்போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற ஒற்றைப் பாம்பில் தொடங்கி, ஒன்பது ஆண்டுகளில் பின்னறையில் இருபத்துநான்கு பெட்டிகள் ஆகியிருந்தன. குட்டிகளை விற்பாள். கடைக்காரன் அழுகின மிளகாயை எடைபோட்டாலும் பேசாமல் வாங்கி வருகிற சுபாவம் அவளுக்கு. பாம்பு விஷயத்தில் மட்டும் கறார். இரை தின்ற பாம்பை இரண்டு நாளைக்கு யாரும் தொடக்கூடாது, புர்னோமோவாக இருந்தாலும் சரி.

அடுத்த வாரம் கெச்சாப்புக்கு மேலும் கீழும் இருந்த மூன்று பாம்புகள் மறுத்தன. அதற்கடுத்த வாரம் அந்த வரிசை முழுவதும். நான்கு வரிசைகளில் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய வரிசை அது. மற்ற மூன்றிலும் எப்போதும்போலப் பாய்ந்து கவ்வி, செத்த எலியை உயிருள்ளதென்று நினைத்துச் சுற்றி நெரித்து, பிறகு தலையைத் தேடிப் பிடித்து விழுங்கின. ஆனால் நான்காம் வாரம் இரண்டாம் வரிசையிலும் தொடங்கியது.

முர்வானி பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். தொற்றுநோய் இப்படித்தான் நகரும். பாம்புகளின் வாயைத் திறந்து பார்த்தாள். சளி இல்லை, புண் இல்லை. எடை மட்டும் வாராவாரம் இறங்கியது. பாம்பு வளர்ப்பவர்களின் குழுவில் கேட்டாள்.

"ம்பாக், பாம்பு சாப்பிடாம கெடந்தா உங்கள முழுங்க அளவெடுக்குதுன்னு அர்த்தம். மாஸ் புர்னோமோவ இனிமே தனியாத் தூங்க வைங்க," என்று அக்கா முறை வைத்து ஒருவன் எழுதினான். இன்னொருவன், "உயிரோட எலிய விட்டுப் பாருங்க," என்றான். உயிருள்ள எலி பசித்தால் பாம்பின் முதுகையே கொறித்துவிடும். அதை அவள் செய்யவில்லை.

ஐந்தாம் வாரம்தான் பாத்திரத் தண்ணீரைக் கவனித்தாள். கெச்சாப்பின் குடிநீர்க் கிண்ணத்தில் மெல்லிய வளையங்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. பாம்பு அதன் பக்கமே போகாமல் பெட்டியின் முன்விளிம்பில் ஒட்டிக்கிடந்தது. சுவரோர வரிசையில் எல்லாமே அப்படித்தான், சுவருக்கு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி. பெட்டிகளுக்குச் சூடு கொடுக்கும் வெப்பக்கருவியின் விளக்கு எரியவில்லை. அக்டோபர் வெயிலில் அது தானாக அணைந்து கிடப்பதாக இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பெட்டிகளுக்குப் பின்னால் கையை நுழைத்துச் சுவரைத் தொட்டாள். காய்ச்சல்காரன் முதுகைப்போல் சுட்டது. உள்ளே ஏதோ உறுமியது.

பக்கத்து வீடு ஆறு மாதங்களுக்கு முன் வாடகைக்குப் போனது. சுராபாயாக்காரர்கள் யாரோ எடுத்திருந்தார்கள். சூப்புக்கு விற்கிற குருவிக் கூடு எடுக்கும் தொழில், அதற்கு இருட்டு வேண்டும் என்று சொல்லி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஊரில் அப்படிப்பட்ட குருவி வீடுகள் நிறைய உண்டு என்பதால் யாரும் கேட்கவில்லை. ஆனால் அங்கே ஒரு குருவிகூடக் கத்தி முர்வானி கேட்டதில்லை. நண்பகலில் ஒரு மோட்டார்சைக்கிள்காரன் வந்து இரும்புக்கதவின் கம்பியில் சோற்றுப் பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போவான். சற்று நேரத்தில் பொட்டலம் இருக்காது. கதவின் பூட்டோ எப்போதும் வெளிப்பக்கத்தில்தான் தொங்கியது.

தெருத் தலைவர் ஹார்சோனோ காப்பிக் கடையில் இருந்தார். அந்த வீடு அவருடைய மச்சானுடையது.

"பாக், அந்தச் சுவரு ரொம்ப சுடுது. ஒரு தடவ வந்து கை வச்சுப் பாருங்களேன்."

"இந்த மாசத்துல எந்தச் சுவரும்மா சுடல? என் வழுக்கையத் தொட்டுப் பாரு, சோயாத் தெம்பேத் துண்டே பொரிக்கலாம்."

"இல்ல பாக். பாம்புங்க அந்தப் பக்கமா ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குதுங்க."

"ஓகோ, பாம்பு புகார் குடுத்துச்சா? அதையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முர்வானியும் சிரித்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடத்தில் அடுக்க ஆரம்பித்தாள்.

"கூடத்துலயா?" என்றான் புர்னோமோ. "வர்ற சொந்தக்காரங்கள எங்க ஒக்கார வைப்ப, பாம்பு மடியிலயா?"

"பத்து நாளு பொறுங்க மாஸ். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்."

இடம் மாறிய பாம்புக்கு உடனே இரை காட்டக்கூடாது. ஆறு நாள் அவற்றை இருட்டுத் துணி போட்டு மூடி வைத்தாள். ஏழாம் நாள் மாலை கெச்சாப்பிடம் எலியை நீட்டினாள். பாம்பு கழுத்தைப் பின்னுக்கு வளைத்தது, ஒரு நொடி அசையாமல் நின்றது, பிறகு பாய்ந்த வேகத்தில் இடுக்கி அவள் கையிலிருந்து தெறித்தது. அடுத்த பெட்டியில் ஜாமு. அடுத்து கெலாப்பா. ஒன்றுவிடாமல் தின்றன.

மகிழ வேண்டிய நேரத்தில் அவள் பின்னறைக்குப் போய் மறுபடி அந்தச் சுவரைத் தொட்டாள். பாம்புகளுக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் அந்த வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

மறுநாள் சனிக்கிழமை. அடைத்த வீட்டின் இரும்புக்கதவைத் தட்டினாள்.

"யாரு?" உள்ளேயிருந்து ஒரு வயதான குரல்.

"பக்கத்து வீடு. உங்க வீட்டுச் சுவரு ரொம்ப சுடுது. உள்ளயும் அப்பிடியா?"

"நான் சட்ட போட்டே மூணு மாசம் ஆச்சு ம்பாக். எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிங்க. ராப்பகலா ஓடுது. இன்டர்நெட்டுக் காசு எடுக்குதாம், எனக்கு என்னத்தத் தெரியும்?"

"கதவத் தொறங்க."

"சாவி எங்கிட்ட இல்லையே. வாரத்துக்கு ஒருக்கா வாடகைக்கு எடுத்தவங்க வந்து தொறப்பாங்க. நீங்க போயிருங்க, கேமராவுல பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"உங்க பேரு?"

"காசிமின். ஊரு குரோபோகான் பக்கம். இதுங்களுக்குக் காவலா வச்சிருக்காங்க."

அவள் சொன்னதைக் கேட்ட புர்னோமோ எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்தான், உடனே எடுத்துவிட்டான். துறைமுகத்துக்குப் போய் இரும்புக்கயிறு வெட்டும் பெரிய கத்தரியைக் கொண்டுவந்தான். ஆனால் கூடத்துக்கு வந்ததும் அவன் மனம் பின்வாங்கியது.

"அடுத்தவன் பூட்ட ஒடச்சா நம்மளத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க. லீவு முடிஞ்சு திங்கக்கெழம போலீசுல சொல்லி, அவங்கள வச்சே தொறப்போம். இத்தன மாசம் இருந்தவரு, ரெண்டு நாளுதான?"

முர்வானி வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

ஞாயிறு பகல் ஒன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கம்பி கருகும் நாற்றம் வந்தது, கூடவே தெரு முழுவதும் மின்சாரம் போனது. உறுமலும் நின்றது. அந்த அமைதியில் அவள் காதில் விழுந்தது, சுவருக்கு அப்பால் கண்ணாடி வெடிப்பது போன்ற சத்தம். பின்னறைச் சுவரின் சுண்ணாம்பு பழுத்துக் கருகி உதிரத் தொடங்கியது. புர்னோமோ வேலைக்குப் போயிருந்தான். அவள் கத்தரியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

கதவிடுக்கில் கரும்புகை. "ம்பாக்! ம்பாக்!" என்று அலறியபடி காசிமின் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். கத்தரியின் ஒரு பிடியைத்தான் அவளால் அழுத்த முடிந்தது, பூட்டு அசையவில்லை. தெருவே அதிரும்படி கத்தினாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் ஓடிவந்தவர் ஹார்சோனோ. கத்தரியின் மறுபிடியைப் பற்றினார். இருவரும் சேர்ந்து உடம்பைப் போட்டு அழுத்தியபோது பூட்டு தெறித்தது.

காசிமின் கதவடியில் வாயை வைத்துப் படுத்திருந்தார். முதுகுத் தோல் வழன்றிருந்தது. இழுத்து வெளியே போட்டார்கள். அதற்குள் முர்வானியின் பின்னறைக் கூரை பற்றிக்கொண்டது. அதுவரை அவள் வாசலைக்கூட மிதிக்காத பெண்கள் இருவர் கண்ணை மூடிக்கொண்டு பாம்புப் பெட்டிகளைச் சுமந்து தெருவில் வரிசையாக வைத்தார்கள்.

காசிமின் மருத்துவமனையில் ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். கிராமத்திலிருந்து மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். ஒருநாள் முர்வானியை அடையாளம் கண்டு, "சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுற சத்தம் கேக்கும். நீங்கதானா?" என்று கேட்டார். பத்தாம் நாள் விடிவதற்குள் போய்விட்டார்.

வாடகைக்கு எடுத்தவர்கள் அகப்படவில்லை. கொடுத்திருந்த பெயரும் பொய். விசாரித்த அதிகாரி முர்வானியிடம், எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவள் முதல் வியாழக்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரே வரியில், சுவர் சூடாக இருந்ததால் சந்தேகம் என்று எழுதிக்கொண்டார்.

புர்னோமோ பல வாரங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அன்னிக்கே வெட்டியிருக்கணும்," என்றான்.

"நானும் ஒண்ணும் சொல்லலையே மாஸ்," என்றாள் அவள்.

மறுவருடம் ஹார்சோனோவின் மச்சான் வீட்டைப் பழுதுபார்த்து, வாடகைக்கு என்று பலகை மாட்டினார். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் முர்வானி தெருவில் இறங்கிப் போய், உரத்த குரலில் கேட்டாள். "உள்ள யாரு இருக்கப் போறாங்க? சாவி யாரு கையில இருக்கும்?"

சிலர் முகம் சுளித்துப் போனார்கள். அவள் கேட்பதை நிறுத்தவில்லை. ஹார்சோனோவும் அவளைத் தடுக்கவில்லை.