மாப்பிள்ளையின் பிஸ்டன் ரிங்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைகள் தப்பு செய்வதில்லை. செய்தால், பார்த்தவர்களுக்குக் கண் சரியில்லை என்று அர்த்தம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகன், இந்தக் கோடையில் தன் காரை லாரியில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். இன்ஜினை இறக்கி, வேகம் கூட்ட டர்போ மாட்டி, கோயம்புத்தூர் பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறாராம். பிறகு அதே காரில் என் மகளோடு பெங்களூர் திரும்புவாராம். அவர்களுடைய அடுக்ககத்தில் ஷெட் இல்லை. மாமனார் வீட்டில் இருக்கிறது. மாமனார் ஆயுள் முழுக்க டீசல் இன்ஜின்களைப் பிரித்துச் சேர்த்தவர் என்பது அவருக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.

ஒரு நாள் காலை, பிஸ்டனைச் சுற்றி மாட்டும், ஓரிடத்தில் வெட்டுவிட்ட ரிங்குகளைச் சிலிண்டருக்குள் வைத்து, வெட்டின் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தார். தகடு சிரமப்பட்டு நுழைந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"கேப் கம்மியா இருந்தாத்தான் மாமா பவர் வெளியே போகாது."

சூடேறினால் ரிங் நீளும். டர்போ இன்ஜினில் இன்னும் நீளும். முனைகள் முட்டிக்கொண்டால் ரிங் சிலிண்டர் சுவரைப் பிறாண்டும், பிஸ்டன் உடையும். கல்யாணப் பந்தியில் இலையோடு இலை ஒட்டப் போட்டுவிட்டு, உட்காருகிறவர்களுக்கு முழங்கை இருப்பதை மறந்த கதைதான். பந்தியில் சட்டையோடு போகும். இங்கே நெடுஞ்சாலையில் இன்ஜின் இறுகும்போது பக்கத்துச் சீட்டில் என் மகள் இருப்பாள்.

"மாப்பிள்ளை, டர்போவுக்குக் கொஞ்சம் கூடுதலா விடணும்..."

"அதெல்லாம் உங்க காலத்து லாரி இன்ஜின் மாமா. நான் அத்தனை வீடியோவும் பாத்துட்டேன்."

சமையலறை ஜன்னலில் என் மனைவி தொண்டையைச் செருமினாள். நான் உள்ளே போனதும் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்குப் போயி பாடம் எடுக்குறீகளே! மூஞ்சி வாடிருச்சுல்ல?"

"இன்ஜின் வாடிரும்டி."

"வாடட்டும். வேற வாங்கிக்குவாக. நீங்க வாயத் தொறக்காதீக."

வாயைத் திறக்கவில்லை. மதியத்துக்கு மட்டன் சுக்காவும் கோழிக் குழம்பும் கடைசியில் இனிப்புக்குக் கவுனி அரிசியும் இருக்கட்டும் என்றேன். மருமகன் மேல் எனக்கு இவ்வளவு பாசமா என்று அவளுக்குக் கண் கலங்கியது. பந்தியில் நானே பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உபசரித்தேன். மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்ததும் குறட்டை கேட்டது.

ஷெட்டில் ரிங்குகள், எந்தச் சிலிண்டருக்கு எது என்று எழுதிய செய்தித்தாளில் வரிசையாக இருந்தன. என்னுடைய பழைய நைஸ் அரத்தை வைஸில் பிடித்தேன். இடைவெளியைக் கூட்ட, ஒரு முனையை மட்டும் அராவ வேண்டும். வெளியிலிருந்து உள்பக்கமாக மட்டும். பிசிறு எடுத்து, அதே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக உட்காரவைத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனிலும் இரண்டாவது ரிங்குக்கு ஒரு மயிரிழை கூடுதல். எல்லாவற்றையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கை கழுவும்போது உள்ளே காபி டம்ளர் சத்தம் கேட்டது. மாலையில் அவர் அப்படியே எடுத்து மாட்டினார். அளந்ததை மறுபடி அளக்கச் சொல்லி எந்த வீடியோவிலும் வரவில்லை போலும்.

கார் கோயம்புத்தூரில் சீறியது. இருவரும் சுகமாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்தார்கள். போனில் மாப்பிள்ளை முகம் திரைக்குள் அடங்கவில்லை.

"பாத்தீகளா மாமா? எல்லாம் அந்த டைட் கேப்தான். வீடியோ போட்டிருக்கேன், பயலுக எல்லாம் என்கிட்டதான் கேக்குறானுக."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இனியாச்சும் அவுககிட்டக் கேட்டுக் கத்துக்கங்க."

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை அடுத்த செய்தி சொன்னார்: சிநேகிதன் ஒருவன் தன் இன்ஜினையும் அதேபோல் செய்துதரக் கேட்கிறானாம், வேலை நம் ஷெட்டில்தான், இருவரும் அடுத்த வாரம் வருகிறார்களாம்.

"தாராளமா வாங்க மாப்பிள்ளை," என்றேன்.

புது அரம் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். கவுனி அரிசியை இருமடங்கு ஊறவைக்கச் சொல்லியிருக்கிறேன்.