வரியைக் கூட்டச் சொன்ன பஸ் முதலாளி

தெல்தோட்டைக்குப் போகும் காலை பஸ் அன்றைக்கு ஓடவில்லை. கண்டிக் கடைவீதியில், என் அரிசிக் கடை வாசலில் லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த பஸ்ஸின் சாரதி பியசேன நடந்து வந்தான். பஸ் இல்லாமல் அவனைத் தனியாகப் பார்த்ததே எனக்குப் புதிதாக இருந்தது. "எங்க முதலாளி போயிட்டார், மாத்தயா" என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதான். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்த பஸ் முதலாளி றசாக் நானா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நானா என்று எல்லோரும் அண்ணன் முறையில் அழைத்த அவரை அறிந்தவர்கள் கண்டியில் நிறையப் பேர். அறியாதவர்களுக்கு இவ்வளவு சொல்லலாம்: கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு இரண்டு பஸ் ஓட்டியவர் அவர். பெற்றோல் வரியைக் கூட்டக் கூடாது என்று கண்டியில் வண்டி வைத்திருந்த எல்லோரும் ஒரே குரலில் நின்ற காலத்தில், கூட்டட்டும் என்று சொன்ன ஒரே வண்டிக்காரர். எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் சிநேகம் அந்தச் சண்டைக்கு முந்தியது. சண்டைக்குப் பிறகும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

சிநேகத்தைத் தேடிக் கொடுத்ததே அந்தத் தெல்தோட்டை றோட்டுதான். தேயிலைத் தோட்டத்துக் கடைகளுக்கு அரிசி கொண்டுபோன என் லொறி, கலஹா தாண்டிய ஒரு வளைவில் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. பின்னால் அவருடைய பஸ். நான் அவருக்கு முன்பின் தெரியாதவன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிரயாணிகளையும் இறக்கி, கயிறு போட்டு, எல்லோருமாக என் லொறியை இழுத்து மேலே ஏற்றினார்கள். நான் நன்றி சொன்னதற்கு அவர், "றோட்டு கெட்டா எல்லாருக்கும்தான் கெடும் தம்பி. இது ஆருட வண்டியெண்டு அது கேக்குமா?" என்று சிரித்தார். முகமெல்லாம் சேறு. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அதே வளைவுதான் பிறகு அவரை மாற்றியது. ஒரு மழைக்காலத்தில் றோட்டின் ஓரம் இடிந்து அவருடைய பஸ் பள்ளத்தில் சாய்ந்தது. மரங்கள் தடுத்ததால் பெரும்பாலானவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காளைப் பார்க்கப் போன பேச்சியம்மா என்ற தோட்டத்துப் பெண் மட்டும் இறந்துபோனாள். மறுநாள் நானா அவள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவள் புருஷன் சத்தம் போடவில்லை, ஏசவில்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"ரோட்டு இப்படிக் கெடக்குதுன்னு ஒங்களுக்கு முன்னயே தெரியுங்களாய்யா?"

நானா அவன் முகத்தைப் பார்த்து, "தெரியும்" என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த வாரமே அரசாங்க றோட்டுக் கந்தோருக்குப் போய்த் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டார். அந்த றோட்டுக்கு ஒதுக்கப் பணம் இல்லை என்றார்கள்.

பெற்றோல் வரியைக் கூட்டினால் றோட்டுகளைத் திருத்தலாம் என்ற பேச்சு வந்தது அதற்குப் பிறகுதான். வண்டிக்காரர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினோம். யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் ஒருவர் தலைமை. நான்தான் முதலில் பேசினேன். வரியால் பஸ் கட்டணம் கூடினால் தோட்டத்துச் சனம் நடந்துதான் போகும்; றோட்டை உழுவது தேயிலை லொறி, தோட்டத்துத் துரைமார் கட்டட்டும் என்றேன். கைதட்டல் அடங்கியதும் நானா எழுந்தார்.

"நாங்க இப்பவும் வரி கட்டித்தான் ஈக்கிறோம். ஸ்பிரிங் ஒடஞ்சா கட்டுறோம், டயர் கிழிஞ்சா கட்டுறோம். அந்தக் காசு ஒண்டும் றோட்டுக்கு வாரல்ல. தேயில லொறியும் பெற்றோல்லதானே ஓடுது? கூட ஓடுறவன் கூடக் கட்டுவான். கூட்டட்டும்."

மண்டபம் கொதித்தது. அரசாங்கத்துக்கு வால் பிடிக்கிறான் என்று ஒருவர் கத்தினார். தலைவர் கையமர்த்திவிட்டு, "ஓம், நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் வாங்கிற காசை றோட்டுக்குத்தான் போடுவாங்கள் எண்டு ஆர் பிணை நிக்கிறது?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தின் மிகப் பலமான கேள்வி அதுதான். நானா தலைவரை நேராகப் பார்த்தார். "ஆரும் இல்ல. நாங்கதான் கேட்டு வாங்கோணும்" என்றார். பிறகு பேச்சியம்மாவின் புருஷன் கேட்டதைச் சொன்னார். அதோடு உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பு மனுவில் அவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

அதற்கு விலை கொடுத்தார். பஸ் நிற்கும் இடத்தில் மற்ற முதலாளிமார் அவருடைய வண்டியைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அவர் புறப்படும் நேரம் பார்த்து முன்னால் இன்னொரு பஸ் புறப்பட்டு வழியிலுள்ள சனத்தை அள்ளிக்கொண்டு போகும். அந்த நாட்களிலும் மாலையானால் என் கடைக்கு வருவார். வரியைப் பற்றி வாக்குவாதம் செய்வோம். பிளேன்டீ வந்ததும் நிறுத்துவோம். குடித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

வரி கூடியது. அவரும் கட்டணத்தில் ஒரு சதம் கூட்டினார். கூட்டிய அன்றைக்கு அவரே மிதிபலகையில் நின்று, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் காரணத்தைச் சொன்னார். கூடை சுமந்து வந்த ஒரு தோட்டத்துக் கிழவி, "ஒரு சதம் கூடக் குடுத்தா நல்ல ரோட்டு வந்துருமா மொதலாளி?" என்று கேட்டாள். "வராட்டி என்னய வந்து கேளுங்க, உம்மா" என்றார் நானா.

றோட்டு வரவில்லை. சனம் அவரைத்தான் கேட்டது. பஸ்ஸில் கேட்டது, சந்தையில் கேட்டது, பள்ளிவாசல் வாசலிலும் கேட்டது. வேறொருவராக இருந்தால் ஆள் கண்ணில் படாமல் திரிந்திருப்பார். நானா அந்தக் கேள்விகளை எல்லாம் சுமந்துகொண்டு நேரே என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க வேணாம் எண்டீங்க, நான் வேணும் எண்டேன். கட்டினது ரெண்டு பேரும். வாங்க, சேந்து போய்க் கேப்போம்." அவரைக் கடைசிக்குத் தள்ளிய முதலாளிமாரிடமும் இதையே சொன்னார். வெட்கத்தோடு வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

றோட்டுக் கந்தோரில் எத்தனையோ முறை நின்றோம். வரிப்பணம் பொதுக் கஜானாவுக்குப் போகிறது, தங்கள் கையில் இல்லை என்றார்கள். "அப்ப ஆருட கையில ஈக்குதெண்டு செல்லுங்க, அங்க போறோம்" என்பார் நானா, கொஞ்சமும் கோபமில்லாமல். கடைசியில் வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், இந்த ஆளின் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒரு மழை நாளில் வளைவைப் பார்க்க வந்தார். நானா தன் குடையை அவருக்குப் பிடித்தபடி, பேச்சியம்மா விழுந்த இடத்துக்கு அழைத்துப் போனார். நான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன். எஞ்சினியர் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு இடிந்த ஓரத்தைக் காலடியால் அளந்தார்.

மழை விட்ட பிறகு வேலை தொடங்கியது. வளைவுக்குக் கருங்கல் அணை கட்டி, மதகு வைத்து, கொஞ்சத் தூரத்துக்குத் தாரும் போட்டார்கள். அதற்கு அப்பால் பழைய றோட்டுதான். "பாத்தீங்களா, பாதிதானே வந்தது?" என்றேன், விட்டுக்கொடுக்காமல். "ஓம், பாதி. மத்தப் பாதியயும் கேப்போம்" என்றார் அவர். அதன்பிறகு அந்த வளைவில் ஒரு வண்டியும் விழவில்லை. என் லொறிகளோடு என் சாரதிகளும் இன்றுவரை பத்திரமாகப் போய் வருகிறார்கள். இதற்காக நான் அவருக்கு எப்போதாவது முறையாக நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஜனாஸா நல்லடக்கத்துக்குத் தோட்டங்களிலிருந்து ஆண்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். மையவாடியில் அடக்கக் குழியில் அவரவர் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன்.

வரி விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று இன்றும் என்னால் முழுமனதோடு சொல்ல முடியாது. ஏழையின் ஒரு சதம் ஏழைக்குப் பெரிது. ஆனால் கொடு என்று சனத்திடம் சொன்னவன், அது எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்கும்போது முன்னால் நிற்க வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எதிராகப் பேசியவனின் தோளில் கைபோட்டு, வா என்று கூப்பிடும் மனசையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். அது அவருக்கு வந்த மாதிரி எனக்குச் சுலபமாக வரவில்லை.

போன வாரம் ஹுன்னஸ்கிரிய பக்கத்து லொறிக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். வரியை மறுபடி கூட்டும் பேச்சு இருக்கிறதாம். எதிர்ப்பு மனுவில் என் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "எந்த ரோட்டுக்கு, எப்ப காசு போடுவாங்கன்னு மொதல்ல போய்க் கேட்போம். அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுறதா வேணாமான்னு பார்க்கலாம்" என்றேன். அவர்களில் மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?"

"நான் ரோட்டுப் பக்கம்" என்றேன்.