துளிர்த்த எல்லை

நிலமில்லாதவர்களுக்கு அரசு பட்டா வழங்கிய காலம். அதிராம்பட்டினம் கடலோரத்தில் மனை அளக்கப் போன சர்வேயர் நான். எல்லைக்கல் வந்து சேரவில்லை. மனை பெறவிருந்த, மீன் விற்கும் அம்மாள் ஒருவர் தன் குடிசை வேலியிலிருந்து சங்கங்குப்பிச் செடியின் நாலு பச்சைக் கிளையை ஒடித்துத் தந்தார். அதையே மூலைக்கொன்றாக அடித்துவிட்டு வந்தேன்.

வாய் கொள்ளாத வெற்றிலை அவருக்கு. மீன் கழுவிய உப்புத் தண்ணீரையெல்லாம் செடிக்கே ஊற்றுவார். வேறு செடியென்றால் கருகும், இது கொழித்தது.

இரண்டு மாதத்தில் பக்கத்துத் தோப்புக்காரர் மனுவோடு வந்தார். "போன வாரம் குச்சியப் புடுங்கி எங்க பக்கம் நட்டுட்டாங்க சார்!"

போய்ப் பார்த்தால் நாலும் பச்சைப்பசேலென்று தழைத்து நிற்கின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், நான்தான் விழுந்தேன்.

"இவ்ளோ வேரு விட்டது போன வாரமா சார் நடந்து வந்துச்சு?" என்றார் அம்மாள். தோப்புக்காரரே சிரித்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. மனை அளந்த அன்று அடிக்க நான் முதலில் எடுத்த காய்ந்த சவுக்குக் குச்சியை வாங்கி எறிந்து, "அது வேணாங்க" என்றவரும் அவரேதான்!