புதுசு வரும்வரை பழசைத் தொடாதீர்கள்

அடுத்தவர் ஊருக்குப் போவதற்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைப்பவன், தான் ஊருக்குப் போக மாட்டான் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு வெச்சவன்..." என்று ஆரம்பிக்கும். பிற்பாதி மறந்துவிட்டது. வழுக்கி விழுவான் என்று முடியுமா, மீன் பிடிப்பான் என்று முடியுமா, தெரியவில்லை. அமெரிக்காவில் இருந்தவரை மீன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது கோவையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்போது நியூஜெர்சி எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு இனிப்புக் கடையின் மாடியில் இருந்த சின்ன ஆபீசில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் உத்தியோகம் போன பிறகு போய் ஒதுங்கிய இடம். பாஸ்போர்ட் படம், விசா, ஓசிஐ கார்டு, டிக்கெட் எல்லாம் உண்டு. முதலாளி ரங்கசாமி அண்ணன், திருப்பூர்க்காரர்.

இங்கே சொல்லப்போவதெல்லாம் ஒரே கோடையில் நடந்தவை. அந்தக் கோடையில் நானும் வாடிக்கையாளர்தான். மகளின் காலேஜைச் சாக்காக வைத்து அமெரிக்கக் குடியுரிமைக்கு உறுதிமொழி எடுத்துவிட்டு, புதுப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தேன். ஆவணியில் பவானியில் அக்கா மகள் கல்யாணம். பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். இணையத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியைத் தினமும் நாற்பது முறை படிக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

டாக்டருக்கு வந்த வாழ்த்துகள்

ஒரு இதய டாக்டர் வந்தார். சென்னைக்காரர். அமெரிக்க பாஸ்போர்ட் வந்ததும் ஓசிஐக்குப் போட வேண்டும் என்றார். "அதோட நான் டூயல் சிட்டிசன், கரெக்டா?" இல்லை சார், இந்தியாவில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது, ஓசிஐ என்பது ஆயுளுக்கும் செல்லுகிற ஒரு விசா மாதிரி, அவ்வளவுதான் என்றேன். நோயாளியிடம் ரிப்போர்ட் வாங்குகிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

"ஓட்டு போடலாமா?" முடியாது. "எலெக்‌ஷன்ல நிக்கலாமா?" ஓட்டே இல்லை சார். "செங்கல்பட்டு பக்கம் ஒரு வயல் வாங்கலாம்னு இருந்தேன்..." விவசாய நிலம் கூடாது. "பழைய இந்திய பாஸ்போர்ட்?" ஒப்படைத்துவிட வேண்டும். ஃபைலை மூடினார். பிறகு கேட்டார்: "அப்புறம் எதுக்குய்யா எங்க வாட்ஸப் குரூப்ல நூத்தம்பது பேரு எனக்கு கங்கிராட்ஸ் சொன்னான்?"

சன்னிவேலிலிருந்து ஒரு சந்தேகம்

எங்களுக்கு ஃபோன் வாடிக்கையும் உண்டு. கலிபோர்னியா சன்னிவேலில் இருந்து ஒரு பெண், மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி. முந்தின வாரம் உறுதிமொழி எடுத்தவர். அந்த மண்டபத்திலேயே கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒரு குடியுரிமைச் சான்றிதழ் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழின் அசலையும் உறைக்குள் போட்டு அனுப்பிவிட வேண்டும். இந்திய பாஸ்போர்ட் கையில் இருக்கும், ஆனால் அது இனிமேல் வெறும் நினைவுப் பரிசு. நான் சொன்னபடியே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"அண்ணா, கார்டை அவங்க வாங்கிட்டாங்க. சர்ட்டிபிகேட்டை நீங்க அனுப்பச் சொன்னீங்க. இப்ப யாராச்சும் கேட்டா என்னத்தக் காட்டறது?" டிரைவிங் லைசென்ஸ் இருக்குமே அம்மா என்றேன், அரசாங்கமே என் சட்டைப் பையில் இருப்பதுபோல. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அதுல எனக்குக் கார் ஓட்டத் தெரியும்னுதான் அண்ணா போட்டிருக்கு."

கன்னத்துப் பொட்டு

ஆறு மாதக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பதைப் போல ஒரு தவம் கிடையாது. கண் திறந்திருக்க வேண்டும், பின்னால் பிடித்திருக்கும் கை தெரியக்கூடாது, வாயில் விரல் கூடாது. இவ்வளவும் கூடிவந்த ஒரு நொடியில் பார்த்தால், குழந்தையின் வலது கன்னத்தில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு, நாலணா அளவுக்கு. துடைக்கச் சொன்னேன். அம்மாக்காரி கைக்குட்டையை எடுத்தாள். அப்பாக்காரர் தடுத்தார். சேலத்துக்காரர், செயற்கை நுண்ணறிவில் ஆராய்ச்சிப் பட்டம்.

படம் திரும்பி வந்துவிடும் சார் என்றேன். சின்னதாக்கிக் கொள்ளலாமா என்றார். காதுக்குப் பின்னால் வைக்கலாமே என்றேன். காதுக்குப் பின்னால் வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும், தெரியாவிட்டால் அப்புறம் பொட்டு எதற்கு என்று தர்க்கம் செய்தார். வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கடைசியில் துடைத்துத்தான் எடுத்தோம், ஆனால் வாசலைத் தாண்டும்வரை அவர் சமாதானமாகவில்லை. "அத்தனை ஆபீசருங்க கண்ணு படப்போற படம்ங்க. அதுக்குப் போயி பொட்டு வேணாம்கறீங்களே!"

ரிச்சர்ட்சன் மச்சினன்

எங்கள் மேஜைக்கு மேல் ரங்கசாமி அண்ணன் கொட்டை எழுத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்: 'புதுசு வரும்வரை பழசைத் தொடாதீர்கள்.' அமெரிக்கக் குடிமகனான பிறகு, இன்னும் ஓட்டை போட்டு ரத்து செய்யப்படாமல் பளபளவென்று இருக்கும் இந்திய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பயணம் கிளம்புவது நம்மவர்களுக்கே உரிய வீர விளையாட்டு. செல்லும் தேதி இன்னும் இருக்கிறது, அதனால் செல்லும் என்பது கட்சி. அது குற்றம் என்று சொன்னால் 'என் மச்சினன் போய்ட்டு வந்தான்' என்பார்கள். அமெரிக்காவில் வாழும் தமிழர் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு மச்சினன் உண்டு. அவனை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

டெக்சஸ் ரிச்சர்ட்சனில் இருந்து ஒரு இன்ஜினியர் ஃபோனில் இதே பாட்டைப் பாடினார். தம்பிக்கு நிச்சயதார்த்தமாம். நான் விதிகளை வரிசையாக ஒப்பித்தேன். பிடிபட்டால் அபராதம், பாஸ்போர்ட் பறிமுதல், நாளைக்கு ஓசிஐயும் சிக்கல் என்றேன். குரலில் கொஞ்சம் நீதிபதி வந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "உங்க வீட்ல ஒரு விசேஷம் வரட்டும் சார். அன்னிக்கு இதே சட்டத்த இதே குரல்ல சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

சுவரில் இருந்த படம்

ஆடி பிறந்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. நான் அனுப்பிய புகைப்படம் என் தற்போதைய தோற்றத்தைக் காட்டவில்லையாம், வேறு அனுப்ப வேண்டுமாம். தொழிலின் மானத்தை உத்தேசித்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடிக்கையாளர்களுக்கு உதாரணம் காட்டுவதற்காக என்னையே உட்கார வைத்துப் படம் எடுத்து, 'இதுவே சரியான படம்' என்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்தோம். மிச்சப் பிரதிகள் மேஜைக்குள் கிடந்தன. நல்ல படம், எதற்கு வீணாக்குவது என்று அதில் ஒன்றை ஒட்டி அனுப்பிவிட்டேன். ஆறு மாதத்துக்குள் எடுத்த படமா என்று ஊரையெல்லாம் குறுக்கு விசாரணை செய்கிற நான், என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

புதுப் படத்தை அன்றே அனுப்பினேன். ஆனால் போன வாரங்கள் போனவைதான். ரங்கசாமி அண்ணன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். "அவிங்க மேல தப்பு சொல்ல முடியாதுங்க தம்பி. அந்தாளுக்குத் தலை நெறைய முடி இருக்குதில்லீங்க."

அக்காவின் சட்டம்

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதும் 'பரிசீலனையில் உள்ளது' மாறவில்லை. அவசரப் பயணம் என்று சொல்லி நேரில் வாங்கும் வழி உண்டு. நியூயார்க்கில் இடம் இல்லை, பிலடெல்பியாவில் இல்லை, விமானம் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு ஊரில் மட்டும் அடுத்த வாரக் கடைசியில் ஒரு இடம் இருந்தது. அதை வாங்கினாலும் அதற்குப் பிறகு இந்திய விசா, அதற்கு முன் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்று. விரல் விட்டு எண்ணினால் முகூர்த்தம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாடும் ஆகியிருக்கும். ஆபீசில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், பழைய பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இன்னும் ஆறு வருஷம் செல்லும் என்றது. மறுநாள் காலையில் கிளம்பும் டிக்கெட்டுகளின் விலையைக்கூடப் பார்த்தேன். ரிச்சர்ட்சன்காரரிடம் பேசிய குரலில் எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்தக் குரல் வரவில்லை.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பட்டத்துக்குச் சொல்லியாயிற்று, கல்யாணப் பெண் தினமும் மாமன் எப்ப வருவாங்க என்று கேட்கிறது. நான் படம், கடிதம், சான்று என்று என் தொழில் பாஷையில் விளக்க ஆரம்பித்தேன். அக்கா ஐந்தாவது வரை படித்தவள், பொறுமையாகக் கேட்டாள். "பழசு கையிலதான இருக்குது கண்ணு? அதுல வந்துரு. நீ பொறந்த ஊருக்கு நீ வாறதுக்கு எவன் சாமி உன்னையத் தடுப்பான்?"

இத்தனை வருஷம் இந்தத் தொழில் பார்த்ததில் நான் கண்டது, எல்லாத் தாளும் சரியாக இருக்கிற நாளில் யார் வீட்டிலும் கல்யாணம் நடப்பதில்லை என்பதுதான்.

மறுநாள் காலை அக்காவுக்கு ஃபோன் போட்டு, பட்டம் கட்டுவதற்குச் சித்தப்பா மகன் செந்திலை அழைக்கச் சொன்னேன்.