சம்பளம் வாங்கித் தீ வைத்த கதை

வனக்காப்பாளர் வேலையில் தீயை அணைத்தால் கும்பிடுவார்கள், தீயை வைத்தால் திட்டுவார்கள். நான் இரண்டையும் ஒரே சீருடையில் செய்தவள்.

சாம்பிராணி போட்டதற்கே மாடி வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியவர்கள், கொல்லைக் குப்பையைக் கொளுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக் கொடியில் வெள்ளை வேட்டி காய்வதை அப்புறம் கவனித்தவர்கள், உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். 2006-இலிருந்து 2012 வரை மங்கலம்பேட்டைக்குப் பக்கத்துக் காப்புக்காட்டில் நான் ‘கார்டம்மா’. அந்த வருஷங்களில் வாங்கிய பேச்சுகளில் நல்லதாகப் பார்த்துச் சிலதை இங்கே தருகிறேன்.

கடலூரில் ஏது காடு?

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். சிதம்பரத்தில் தாவரவியல் படித்தேன். வேலை ஆணை வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கூடவே சந்தேகம். நம் மாவட்டத்தில் கடல் உண்டு, முந்திரி உண்டு, கோர்ட்டு கச்சேரி எல்லாம் உண்டு, காடு எங்கே இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். விருத்தாசலம் பக்கம் தைலமரமும் புதரும் புல்லுமாக நிறைய இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

முதல் லீவில் வந்தபோது என் தாய்மாமாவுக்கு வேலையை விளக்கினேன். தை, மாசியில் புல் காய ஆரம்பிக்கும். அப்போதே காட்டின் ஓரத்தில் பட்டையாக ஒரு கீற்றை நாங்களே எரித்துவிடுவோம். அதற்கு ஃபயர் லைன் என்று பெயர். கோடையில் நிஜத் தீ வந்தால் அந்தக் கீற்றில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் படுத்துவிடும். எனக்கே சொல்லச் சொல்ல உற்சாகம் பொங்கியது. மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“தீய அணைக்க ஒரு டிபார்ட்மென்டு, வைக்க ஒரு டிபார்ட்மென்டா? ரெண்டையும் சேத்து மூடிட்டா ரெண்டு சம்பளமும் மிச்சம்மா!”

ஒரே தீ, ரெண்டு பதில்

என் பீட்டில், அதாவது நான் காவல் பார்க்கிற எல்லைக்குள், ஓர் ஐயனார் கோயில் உண்டு. கோயில் என்றால் மண்குதிரைகளும் ஒரு மேடையும்தான். ஆனால் அதைச் சுற்றி நின்றதைப் பார்த்த அன்று நான் டிவிஎஸ் ஃபிஃப்டியை ஸ்டாண்டு போடாமலே இறங்கிவிட்டேன், வண்டி சாய்ந்துவிட்டது. வீரை, உலக்கைப்பாலை, காயா, மகிழம் என்று கோடையிலும் இலை கொட்டாத மரங்கள், வெயில் கீழே விழாத அளவுக்கு நெருக்கமாக. வெளியே உச்சி வெயில் கொளுத்த, உள்ளே காலுக்குச் சில்லென்று இருந்தது. வகுப்பில் படத்தில் மட்டும் பார்த்த காடு எனக்கே எனக்கென்று வைத்திருந்த மாதிரி நின்றது.

அந்த வருஷம் பங்குனியில் பக்கத்துத் தைலமரக் காட்டில் தீ. ஆடு மேய்க்கிறவர்கள் புதுப்புல்லுக்காகக் காய்ந்த புல்லைக் கொளுத்துவது அங்கே வழக்கம். தீ புல்லைத் தின்று, கோயில் காட்டின் ஓரத்தையும் கடித்துவிட்டுத்தான் அணைந்தது. அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்தால் எனக்கு ஒரே ஆச்சரியம். புல்வெளியில் பச்சை பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. சிற்றீச்சை கரிக்கட்டையிலிருந்து குருத்து விடுகிறது. தைலமரம் அடிமரத்தில் துளிர்க்கிறது. வீரை கருகின இடத்தில் மட்டும் வீரை இல்லை, அங்கேயும் புல்தான் வந்திருந்தது. புல் வந்தால் அடுத்த கோடையில் தீயும் அதே வழியில் உள்ளே வரும், இன்னும் கொஞ்சம் கடிக்கும். இப்படியே விட்டால் சில கோடைகளில் ஐயனாருக்கு நிழலே இருக்காது. இந்தக் காடு என் பொறுப்பில் இருக்கும்போது போகக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அஞ்சலை அக்காவைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்தப் பக்கத்தில் ஆடு அதிகம் வைத்திருப்பது அவர்தான். வீரை, புல், தீ எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கினேன். அக்கா வெற்றிலையை மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

“புல்லு வந்துச்சா இல்லியா, அத சொல்லும்மா மொதல்ல.”

தாளிப்பு

கோயில் காட்டைச் சுற்றிப் புல்லில் ஒரு ஃபயர் லைன் போட வேண்டும் என்று ரேஞ்சர் சாரை அரித்தெடுத்தேன். சார் நல்லவர், ஆனால் பயந்தவர். தீ கோயில் காட்டுக்குள் பூந்துவிட்டால் என் வேலையும் போகும், அவர் வேலையும் ஆட்டம் காணும். கடைசியில் தலையாட்டினார். மாசியில் பனி இறங்கின ஒரு காலையாகப் பார்த்து, வாட்ச்சர் செல்வராசு, நான்கைந்து ஆட்கள், தண்ணீர்க் குடங்கள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு ஜம்மென்று போய் இறங்கினேன். காற்று பார்த்தாயிற்று, ஈரம் பார்த்தாயிற்று. ஊரில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

முதல் புல்லில் தீ வைத்துப் புகை கிளம்பினதுதான் தாமதம், ஊரே ஓடி வந்தது. முந்தின நாள்தான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரைக்கும் எந்த வீட்டிலும் தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது. அம்மன் சூடு தாங்க மாட்டாள். நான் புல்லை மிதித்து அணைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். பூசாரிதான் அம்மனுக்கும் ஐயனாருக்கும் பொது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஊர்ல கடுகு பொரியாம வெறுங்கொழம்பு ஊத்தித் தின்னுகிட்டு இருக்குறோம், நீ வந்து காட்டையே தாளிக்கிறியாம்மா?”

ரெண்டு பானை

ஊர் கூடின சேதி கேட்டதும் ரேஞ்சர் சார் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “நீ சொல்றதெல்லாம் சரிம்மா, கண்ணுல காட்டு” என்றார். காட்டுகிறேன் என்று எரிந்த புல்வெளியிலிருந்து ஒரு பானை மண், கோயில் காட்டின் கருகின ஓரத்திலிருந்து ஒரு பானை மண் எடுத்தேன். சிதம்பரத்தில் நான் படித்த இடத்திலேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹேமா என் தோழி. அவளிடம் கொடுத்து முளைக்கவைத்துப் பார்ப்பது திட்டம். மண் சிந்தக்கூடாதே என்று பானை வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். அன்றைக்கு வேறொரு பக்கம் ஃபயர் லைன் வைத்துக் காலையிலிருந்து புகையில் நின்றதில் கண் இரண்டும் சிவப்பு, தலை கலைந்து கிடந்தது. அப்படியே விருத்தாசலத்தில் பஸ் ஏறினேன்.

உட்கார இடமில்லாத பஸ்ஸில் எனக்கு மட்டும் ஒரு சீட்டு முழுசாகக் கிடைத்தது. பக்கத்திலிருந்த அம்மா எழுந்து போய் நின்றுகொண்டே என் இரண்டு பானைகளையும் பார்த்து, “ரெண்டு பேருமா போயிட்டாங்க?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பொதுவாகத் தலையாட்டிவைத்தேன், அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேத்தியாத்தோப்பு தாண்டித்தான் எனக்கு உறைத்தது. பதறிப்போய், இது காட்டு மண், விதை முளைக்கிறதா என்று பார்க்கக் கொண்டுபோகிறேன் என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தேன். அதுவரை என் பக்கம் வராமல் ஒதுங்கி நின்ற கண்டக்டர் உடனே வந்துவிட்டார்.

“அஸ்தின்னு நெனச்சி சும்மா உட்டேம்மா. வெறும் மண்ணுன்னா லக்கேஜ் போட்டுத்தான் ஆவணும்.”

மொட்டைமாடியில் ஒரு காடு

ஹேமா தங்கியிருந்த வீட்டு மொட்டைமாடியில் தட்டுகளில் மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்தோம். வாரத்துக்கு ஒருமுறை கிளம்பிப் போய்விடுவேன். புல்வெளி மண்ணில் முதலில் புல், அப்புறம் ஆவாரை, அப்புறம் விராலி கொத்துக் கொத்தாக வந்தது! விராலி விதைக்கு ஓடு கெட்டி, சும்மா கிடந்தால் தண்ணீர் உள்ளே போகாமல் தூங்கும். சூடு பட்டு ஓடு விரிந்தால்தான் அதற்கு விடியும். தீ அதற்கு அலாரம். இதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். கண் முன்னால் பச்சையாக நின்றபோது ஹேமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன், கீழ்வீட்டில் சுண்ணாம்பு உதிர்ந்ததாகப் புகார் வந்தது.

கோயில் காட்டு மண்ணில் அந்த மாதிரி எதுவும் வரவில்லை. வீரை விதையும் மகிழம் விதையும் சூட்டுக்குக் காத்திருக்கிற ஜாதி இல்லை, நிழலில் ஈரத்தில் சட்டென்று முளைக்கிற ஜாதி. தீ பட்டால் வெந்துபோகும். காற்றில் வந்து விழுந்த புல் விதைதான் அந்தத் தட்டிலும் தலைகாட்டியது. ஒரு காட்டுக்குத் தீ மருந்து, பக்கத்துக் காட்டுக்கு அதே தீ விஷம். இரண்டு தட்டையும் பஸ்ஸில் கொண்டுவந்து ரேஞ்சர் சார் மேஜையில் வைத்தேன், அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வர்ற தையிலேயே வைத்துவிடலாம் என்றார். உடனே ஹேமாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

“கல்யாணப் பாலிகைக்குக்கூட இப்படி ஆர்ப்பாட்டம் பண்ணமாட்டாங்கடி. போன வையி, நான் தூங்கணும்.”

பூவோடு கிளை

இந்த முறை முதலில் பூசாரியிடம் போய் நாள் கேட்டேன், அப்புறம்தான் காற்றைப் பார்த்தேன். தையில் ஒரு காலை. கோயில் காட்டைச் சுற்றி இரண்டு பக்கமும் மண்ணைச் செதுக்கி, நடுவிலிருந்த புல்லில் காற்றுக்கு எதிர்முகமாகத் தீ வைத்தோம். காற்றோடு விட்டால் தீ ஓடும், எதிர்த்து விட்டால் நகர்ந்து நகர்ந்து வரும். முழங்கால் உயரத்தில் பொறுமையாக, சமர்த்தாக எரிந்துகொண்டு போனது. எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

ஒரு பக்கம் தனகோடி மாமாவின் முந்திரித்தோப்பு. மரமெல்லாம் பூ. புகை பட்டால் பூ கொட்டிவிடும் என்று விடியற்காலையிலிருந்தே வரப்பில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார். பாதி முடிந்திருக்கும்போது காற்று திரும்பிவிட்டது. தீ சட்டென்று நிமிர்ந்து, கோயில் காட்டுப் பக்கம் செதுக்கியிருந்த மண்ணைத் தாண்டி ஒரு நாக்கை நீட்டியது. எனக்கு உயிரே இல்லை. தீயை அடிக்கப் பச்சைத்தழை ஒடிக்க ஓடினேன், செல்வராசு ஓடினார், கையில் கிடைத்ததெல்லாம் சுள்ளி. அப்போது படபடவென்று அடிக்கிற சத்தம். தனகோடி மாமா! தன் மரத்திலிருந்தே கிளைகளை ஒடித்துக்கொண்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தீயை அடி பின்னுகிறார். நாங்களும் ஆளுக்கொரு கிளை வாங்கிக்கொண்டு அடித்தோம். அணைந்தது. கோயில் காட்டில் ஓர் இலைகூட வாடவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே அவரைக் கும்பிட்டேன். அவர் கையிலிருந்த கருகின பூங்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐயனாருக்குன்னு பூவோட கெளைய ஒடிச்சிட்டேன். நாளைக்கி ஒங்க ரேஞ்சர் வந்தா காய்ப்பாரு?”

புயலுக்குப் பின்

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் தையில் வைத்தோம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. அது நம் மாவட்டத்து முந்திரியை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தனகோடி மாமாவின் தோப்பு வேரோடு படுத்துவிட்டது. பார்க்கும் இடமெல்லாம் விழுந்த மரம், ஒடிந்த தைலம், சருகு. ஊர் சோறு தண்ணிக்கே அலைந்துகொண்டிருந்தது. எனக்கோ வரப்போகிற கோடையைப் பற்றித்தான் கவலை. அத்தனையும் காய்ந்தால் அது காடில்லை, விறகுக்கடை. அந்தத் தையில் ஃபயர் லைனை வழக்கத்தைவிட ரொம்ப அகலமாக வைத்தோம். தனகோடி மாமா கேட்காமலே வந்து, விழுந்து கிடந்த தன் மரங்களை ஃபயர் லைன் ஓரத்திலிருந்து வெட்டி ஒதுக்கிக் கொடுத்தார்.

சித்திரையில் ஒரு பகல் அது வந்தே விட்டது. எங்கே பற்றியது என்று இன்றைக்கும் தெரியாது. தைலமரக் காடு வெடித்து வெடித்து எரிந்தது, தோப்பில் கிடந்த மரங்கள் பற்றிக்கொண்டன, புகையில் வெயிலே மஞ்சளாகிவிட்டது. பச்சைத்தழையால் அடிக்கிற தீ இல்லை அது, கிட்டப் போகவே முடியவில்லை. தீயணைப்பு வண்டி வழியில் வந்துகொண்டிருந்தது. நானும் செல்வராசும் ஊர் ஆட்களும் கோயில் காட்டு ஓரத்தில் தழையும் குடமுமாக நின்றோம். உள்ளுக்குள் நான் அந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தீ ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நேராக வந்தது. எங்கள் ஃபயர் லைனுக்கு வந்தது. முழங்கால் உயரம் ஆனது, அப்புறம் கணுக்கால் உயரம். அப்புறம் வெறும் புகை. பறந்து வந்த கங்குகளை மட்டும் ஓடி ஓடி மிதித்தோம். அந்தப் பக்கம் கரி, இந்தப் பக்கம் வீரை பச்சைப் பசேலென்று நிற்கிறது! நான் கத்தின கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. அஞ்சலை அக்கா என்னைத் தூக்கியே விட்டார்.

சாயங்காலம் பூசாரி மண்குதிரைகளுக்கெல்லாம் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டி, விபூதியை முதலில் எனக்குத்தான் கொண்டுவந்தார். கரிபடிந்த என் நெற்றியில் இடம் தேடிப் பூசிவிட்டு, கண் கலங்கச் சொன்னார்.

“ஐயனாரே குதுரைய உட்டு எறங்கி வந்து தீய நிறுத்திட்டாரும்மா. நல்லவேள, ஒனக்கும் பக்கத்துல நின்னு பாக்கக் குடுத்து வெச்சிருந்துது!”

ஆகவே நண்பர்களே, இந்த உத்தியோகத்தில் எரிந்ததெல்லாம் நம் கணக்கு, எரியாமல் நிற்பதெல்லாம் சாமி கணக்கு.