ஊர்க்கண்

கட்டுகஸ்தோட்டையில் ஸுலைஹாவின் முகத்தை அறியாதவர்களும் அவள் குரலை அறிந்திருந்தார்கள். எந்த வீட்டில் பெண்கள் கூடி முனாஜாத்து ஓதினாலும் அவளுக்கு அழைப்பு வரும். அல்லாஹ்விடம் கையேந்தி இறைஞ்சும் அந்தப் பாடல்களில் ஒன்றைக் கேட்காமல் பெண்கள் எழுந்திருக்க மாட்டார்கள்:

ஊர்க்கண்ணை அஞ்சிலேன், உன்கண்ணை அஞ்சினேன்;
பார்க்கின்ற நாயனே, பாவியைக் கைவிடாதே.

1934ஆம் ஆண்டின் கடைசியில் மழை பொய்த்தது. மகாவலி ஆறு வற்றிப் பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கியது. நுளம்புக் கொசு பெருகிற்று. வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். பாலத்தருகே துணிக்கடை வைத்திருந்த அவள் கணவன் ஹபீல் நடுங்கி நடுங்கியே போய்ச் சேர்ந்தான்.

அவன் உடலைச் சுமந்த ஜனாஸா வாசலைத் தாண்டியதும் ஸுலைஹாவுக்கு வெள்ளை உடுத்தி உள்ளறையில் இருத்தினார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் இத்தா அது. ஹபீலின் மூத்த சகோதரி றம்லத் கம்பளையிலிருந்து காவலுக்கு வந்தாள். உயிருக்கு ஆபத்தென்றால் வெளியே போக மார்க்கத்தில் இடமுண்டு என்பதை அவர்கள் இருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மகன் நளீருக்குக் காய்ச்சல் கண்டபோது, தெருத் தெருவாக மருந்து கொடுத்துவந்த ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா வாசலில் வந்து நின்றார்.

"இத்தா வீடு இது. ஆம்புளையள் உள்ளுக்கு வர ஏலா" என்றாள் றம்லத், கதவுக்குப் பின்னால் நின்று.

"பிள்ளையை வெளியே கொண்டு வாங்கம்மா. பார்க்காமல் மருந்து தரமாட்டேன்."

"கிடையில கிடக்கிற புள்ளய எப்படிக் கொண்டு வாறது? பொறகு வாங்க."

திரைக்குப் பின்னால் ஸுலைஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு எட்டு வைத்தால் வாசல். அவள் எழுந்தாள், தன் குரல் அந்த மனிதர் காதில் விழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அவர் போய்விட்டார். அன்றிரவே நளீருக்கு வலிப்பு வந்து உயிர் அடங்கிவிட்டது.

மையித்து வீட்டுக்கு வந்த பெண்கள் அழுதார்கள். அழுகைக்கிடையே ஒருத்தி சொன்னாள்: "இவ்வளவு சோதனையிலயும் இத்தாவ எப்படிப் பேணி ஈக்கிறா, பாருங்க."

அதைக் கேட்டபோது ஸுலைஹாவின் நெஞ்சுக்குள் ஏதோ இதமாக அசைந்தது. ஒரு நொடிதான். பெற்ற மகன் வெள்ளைத்துணிக்குள் கிடக்கையில் தன்னால் அப்படி ஒரு இதத்தை உணர முடிந்ததே என்று பிறகு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இருண்ட அறையில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு வாயில் வரவில்லை.

அந்த மாதத்திலேயே மகள் குல்சும் படுத்தாள்.

பின்கதவில் விறகு போட வரும் அழகம்மா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, ஒன்னைக் குடுத்தது பத்தலையா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

"ஒன்ட வேலயப் பாரு" என்றாள் றம்லத். "ஓதின தண்ணி குடுத்தீக்கி."

"தண்ணி குடுங்க, நல்லாக் குடுங்க. அந்தப் பையனுக்கும் அதானே குடுத்தீங்க?" விறகைத் தொப்பென்று போட்டுவிட்டு அவள் போனாள்.

குல்சும் அனத்தினாள். "உம்மா, பாட்டுப் படிங்க."

பிள்ளை கேட்கிறதே என்று ஸுலைஹா தொடங்கினாள். 'ஊர்க்கண்ணை அஞ்சிலேன்.' அதற்கு மேல் குரல் எழவில்லை. எத்தனை வீடுகளில் இதைப் பாடி எத்தனை பேரை அழவைத்திருக்கிறாள். அன்றைக்கு வாயைப் பொத்தினாளே, அது யாருடைய கண்ணுக்குப் பயந்து? நாயன் அந்த அறைக்குள்ளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குப் பயந்திருந்தால் ஓடிப்போய்ப் பிள்ளையைக் காட்டியிருப்பாள். தெருவுக்குப் பயந்தாள். அந்தப் பயத்துக்குப் பேணுதல் என்று பேர் சொன்னார்கள். அவளும் அதை ஏற்றுக்கொண்டாள்.

பிள்ளையைத் தோளில் போட்டு முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"எங்க போறாய்?" றம்லத் திரையை மறித்து நின்றாள். "என்ட தம்பிட மண்ணு இன்னும் காயல்ல. ஊர் என்ன செல்லும்?"

"ஊர் செல்லட்டும் மதினி. விலகுங்க."

"இத்தா முறிஞ்சா ஹபீல் ஒன்ன மன்னிக்க மாட்டான்!"

"நளீருக்கு முதல்ல பதில் செல்லணும் நான்."

பட்டப்பகல். கடைவாசல்களில் ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வெள்ளைச் சேலையைப் பார்த்து ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி ஐயா பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கசப்பு மருந்தைக் கரண்டியால் புகட்டினார்.

"அந்த இத்தா வீடுதானே? அங்கே ஒரு பையனும் படுத்திருந்தானே. இப்போது எப்படி?"

ஸுலைஹா இல்லையென்று தலையசைத்தாள்.

குல்சும் பிழைத்தாள். றம்லத் அன்றே கம்பளைக்கு ரயிலேறிவிட்டாள். ஸுலைஹா மீதி இத்தாவைத் தனியாக இருந்து முடித்தாள். முனாஜாத்துக்கு அவளை அழைக்க அதன்பின் எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை.

அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு வீட்டிலேயே பாடுவாள். அந்தப் பாடலை மட்டும் இரண்டாம் அடியில்தான் தொடங்குவாள். முதலடியைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு வரவில்லை. சில நாட்களில் குல்சும் அந்த அடியைத் தானாகவே எடுத்துப் பாடும். உம்மா கண்ணை மூடி, பிள்ளை முடிக்கும்வரை காத்திருப்பாள். பிறகு 'பார்க்கின்ற நாயனே' என்று சேர்ந்துகொள்வாள்.